முகமூடியம்மா

துரின்,
11 ஜனவரி 1983

நீவெஸ்,

இரண்டு வருடம் கழித்து எழுதுகிறேன். உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இதுவரை படித்துவிட்டாய் என்றால் மீதியையும் படித்துவிடு. நீளமான கடிதம் இல்லை.

உன் கணவர் சாந்தேவின் உடம்பு மோசமாகிவிட்டது என்று பாதுவாவில் இருக்கும் தோழி ஒருத்தி தொலைபேசியில் சொன்னாள். கல்லீரல் என்றாள். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். வீட்டுக்கு அனுப்ப இரண்டு காரணங்கள் இருக்கலாம். எந்தக் காரணம் என்று நான் அவளிடம் கேட்கவில்லை.

நான் அவரைப் பார்க்க வேண்டும். ஒரு மணி நேரம் போதும். நீ பள்ளிச் சமையலறைக்குப் போயிருக்கும் நேரத்தில் வந்துவிட்டுத் திரும்பவும் தயார். பிப்ரவரி பத்தாம் தேதியை ஒட்டி எனக்கு நான்கு நாள் விடுப்பு இருக்கிறது. அது முகமூடித் திருவிழாக் காலம், வெனிஸில் தங்க இடம் கிடைக்காது என்பது தெரியும். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நம் சண்டையைப் பற்றி எழுதப் போவதில்லை. நீ கேட்ட கேள்விக்கு அன்று எனக்குத் தெரிந்த வரையில் சரியாகத்தான் பதில் எழுதினேன்.

ஒத்தாவியா


வெனிஸ், ஜுதேக்கா தீவு,
19 ஜனவரி

ஒத்தாவியா,

கிழிக்கவில்லை. கிழித்தால் குனிந்து பொறுக்க வேண்டும், எனக்கு முதுகுவலி.

சரியாகப் பதில் எழுதினாயா? நான் என்ன கேட்டேன் என்று ஞாபகம் இருக்கிறதா? சாந்தேவின் நோய்க்கு மதுதான் காரணம் என்றார் ஆலை மருத்துவர். அதே ஆலையில் வேலை செய்த தன் புருஷன் ஆர்தூரோவை அடக்கம் செய்துவிட்டு வந்த பக்கத்து வீட்டு யோலே, ஆலைத் தொட்டிதான் காரணம் என்றாள். இருவருமே சத்தியம் செய்தார்கள். என் குடும்பத்தில் வேதியியல் படித்தவள் ஒருத்தி இருக்கிறாளே என்று உன்னிடம் கேட்டேன். தொட்டியா, மதுவா, ஒரே வார்த்தையில் சொல் என்று கேட்டேன். நீ எட்டு வரி எழுதினாய். எனக்கு மனப்பாடம். "தனியொருவரின் நோய்க்கு எது காரணம் என்று இன்றைய நிலையில் அறுதியிட்டுச் சொல்ல இயலாது." மீதி ஏழு வரியும் இதே மாதிரி. நான் கேட்டது ஒரு வார்த்தை, ஒத்தாவியா.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். எழுபத்தொன்றில் நீங்கள் மார்கெராவுக்கு வந்து ஒன்பது நாள் ஆலைக் காற்றை அளந்துவிட்டுப் போனீர்கள் அல்லவா, அந்த அறிக்கையின் கடைசிப் பக்கத்தை மேஸ்திரி உடை மாற்றும் அறைச் சுவரில் ஒட்டினார். கீழே உன் கையெழுத்து. சாந்தே அன்று வீட்டுக்கு வந்து நின்ற நிலை இன்னும் என் கண்ணில் இருக்கிறது. "எல்லாப் பயல்கிட்டயும் சொல்லிட்டேன். என் பொண்டாட்டியோட அக்கா கையெழுத்துப் போட்டிருக்கா, காத்துல ஒண்ணும் இல்லடா, பயப்படாம இறங்குங்கடான்னு!" அதற்குப் பிறகு எட்டு வருடம் இறங்கினார். தொட்டிச் சுவரில் ஒட்டிய பொருக்கை உளியால் சுரண்டுகிற வேலை. இப்போது குளிரில் கை வைத்தால் விரல் நுனி சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போகிறது. எழுந்து சன்னல்வரை நடக்க என் தோள் வேண்டும்.

இவரையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர் வழக்குப் போட்டிருக்கிறார்கள். மார்ச் பதினேழு விசாரணை. ஆலை வக்கீலின் காகிதக் கட்டுக்கு மேலே இருப்பது உன் அறிக்கை. அதனால் கேட்கிறேன், நீ வருவது அவரைப் பார்க்கவா, இல்லை கூண்டில் ஏறி உன் பெயரைச் சொல்வாரா என்று பார்க்கவா?

ஒத்தாவியா என்று பெயருள்ள எவளும் என் வாசற்படியை மிதிக்க மாட்டாள். தேவாலயத்தில் சத்தியம் செய்திருக்கிறேன்.

நீவெஸ்


துரின்,
27 ஜனவரி

நீவெஸ்,

வழக்கைப் பற்றி உன் கடிதத்தில்தான் தெரிந்துகொண்டேன். நீ நம்ப மாட்டாய். உன் இடத்தில் இருந்தால் நானும் நம்பமாட்டேன்.

ஒன்றை மட்டும் திருத்துகிறேன். அறிக்கையில் "காற்றில் தீங்கு இல்லை" என்று நான் எழுதவில்லை. "தீங்கு இருப்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை" என்று எழுதினேன். இரண்டும் ஒன்றல்ல. அதை மேஸ்திரி எப்படிப் படித்தார், சாந்தே எப்படிப் படித்தார் என்பதற்கு

இந்த வரியை முடிக்கத் தெரியவில்லை. அடித்துவிட்டு வேறு தாளில் எழுதலாம். அப்படி எழுதினால் இதைவிடத் தெளிவாக வரும், அதனாலேயே இதை அனுப்புகிறேன்.

உன் சத்தியத்தை மீறச் சொல்லவில்லை. நான் வர விரும்பினேன் என்று அவரிடம் சொல்லிவிடு. அது போதும்.

ஒத்தாவியா


ஜுதேக்கா,
3 பிப்ரவரி

ஒத்தாவியா,

சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

சோபாவில் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "டாக்டரம்மாவா? வரட்டுமே!" என்றார்.

"நான் சத்தியம் பண்ணியிருக்கேன்."

"என்னன்னு?"

"ஒத்தாவியாங்கற பேருல யாரும் உள்ள வரக் கூடாதுன்னு."

சிரித்தார். சிரித்தால் இருமல் வருகிறது, ஆனாலும் சிரித்தார். "திருவிழாவுல கொழுத்த வியாழன் எப்ப? பத்தாம் தேதியா? அன்னிக்கு முகமூடி போட்டுக்கிட்டு வரச் சொல்லு. முகமூடிக்கு ஏது பேரு? உன் சத்தியமும் பொழைச்சுக்கும்."

"இது என்ன விளையாட்டு?"

"விளையாட்டு இல்லடி. எங்கப்பா காலத்துச் சட்டம். முகமூடி வந்து கதவைத் தட்டினா யாருன்னு கேக்கக் கூடாது. உக்கார வெச்சு ஏதாவது தின்னக் குடுக்கணும். தெரிஞ்ச ஆளா இருந்தாலும் 'முகமூடியம்மா'ன்னுதான் கூப்பிடணும். கடன்காரனா இருந்தாலும், போலீசா இருந்தாலும்!"

நான் மறுத்தேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மத்தியானம் சூப் வேண்டாம் என்றார், சாயங்காலமும் வேண்டாம் என்றார். நோயாளியோடு மல்லுக்கு நிற்க முடியுமா?

ஆகவே எழுதுகிறேன். நகராட்சி இந்தத் திருவிழாவை மறுபடி ஆரம்பித்த பிறகு ஊரே பைத்தியம் பிடித்து அலைகிறது. பாலத்தில் நின்று படம் பிடிக்கும் ஜெர்மன்காரர்களைத் தாண்டி நான் வேலைக்குப் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆகிறது. அந்தக் கூட்டத்தில் ஒரு முகமூடி படகு ஏறி எங்கள் தீவுக்கு வந்தால் யாரும் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. வியாழக்கிழமை மூன்று மணிக்கு நான் வீட்டில் இருப்பேன். முகமூடிக்குக் கதவைத் திறப்பேன். உனக்கு இல்லை.

அவர் ஏதோ கேட்க வேண்டுமாம். என்ன என்று என்னிடம் சொல்லவில்லை.

நீவெஸ்


ஜுதேக்கா,
12 பிப்ரவரி

ஒத்தாவியா,

நேற்று முன்தினம் நடந்ததை எழுதுகிறேன். நீ இங்கே இல்லை, உனக்கு எப்படித் தெரியும்?

மூன்று மணிக்கு ஒரு முகமூடி வந்தது. வெளியே கால்வாய் தெரியாத அளவுக்குப் பனிமூட்டம். ஆண்கள் போடுகிற கறுப்பு அங்கி, கையுறை. முகத்தில் வட்டமாக ஒரு கறுப்பு வெல்வெட் துண்டு. கண்ணுக்கு இரண்டு ஓட்டை, வாய்க்கு ஓட்டையே இல்லை. கட்ட நாடாவும் இல்லை. உள்பக்கம் ஒரு பொத்தான் இருக்கும், அதைப் பல்லால் கடித்துக்கொண்டால்தான் முகத்தில் நிற்கும். வாயைத் திறந்தால் கீழே விழும். அந்தக் காலத்துச் சீமாட்டிகள் போட்டது. ஊமை என்று அதற்குப் பெயர். முகமூடி விற்கிற கடைகளில் எத்தனையோ வகை தொங்குகிறது, இந்த அம்மாள் இதைத்தான் எடுத்திருந்தாள்.

"வாங்க முகமூடியம்மா, உக்காருங்க" என்றார் சாந்தே. காலையிலேயே என்னிடம் சவரம் செய்துகொண்டு, வெள்ளைச் சட்டை போட்டுக் காத்திருந்தார். "படகுல கூட்டமா?"

முகமூடி தலையை ஆட்டியது.

"ஓ, ஊமையா? பரவாயில்ல. இந்த வீட்டுல பேசறதுக்கு ஒருத்தி இருக்கா. அவ பேசறது மூணு வீட்டுக்குப் போதும்."

திராட்சை போட்டு எண்ணெயில் பொரித்த மாவு உருண்டைகளை நான் தட்டில் வைத்துக் கொடுத்தேன். முகமூடி வேண்டாம் என்று கையைக் காட்டியது. தின்ன வேண்டுமானால் பொத்தானை விட வேண்டுமே. தட்டு மடியிலேயே இருந்தது.

யோலே கதவருகில் வந்து எட்டிப் பார்த்தாள். "யாரு இது?"

"முகமூடி."

"அது தெரியுது. யாரு வீட்டு முகமூடி?"

"கேக்கக் கூடாதுன்னு தெரியாதா உனக்கு?"

"கேக்கல. செருப்பைப் பாத்தேன். பாத்திரம் தேய்க்கிறவ போடற செருப்பு இல்ல அது." சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

பிறகு சாந்தே நாற்காலியை இழுத்து அருகில் போடச் சொன்னார். முகமூடியின் கையுறைக் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

"முகமூடியம்மா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கறேன். நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது, அதனாலதான் கேக்கறேன். தெரிஞ்சவங்களக் கேட்டா சண்டை வரும். எழுபத்தொண்ணுல ஒரு டாக்டரம்மா எங்க ஆலைக்கு வந்து காத்தை அளந்தாங்க. அது கெட்ட காத்துன்னு அவங்களுக்கு அப்பவே தெரியுமா, தெரியாதா? தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லுங்க, நான் நம்பறேன். கோபமே இல்ல. தெரியும்னா அதையும் சொல்லுங்க. பேசக்கூட வேணாம். தலையை ஆட்டினாப் போதும்."

நான் அடுப்பருகில் நின்றிருந்தேன். கடிகாரத்தைப் பார்க்கவில்லை, ஆனால் பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைகிற வரைக்கும் அந்தத் தலை அசையவில்லை. மேலும் கீழும் இல்லை, பக்கவாட்டிலும் இல்லை. வெல்வெட்டுக்குக் கீழே தாடையில் எச்சில் வழிந்தது. அதைத் துடைக்கக்கூட அந்தக் கை எழவில்லை. பிறகு முகமூடி எழுந்து, தட்டை மேசைமேல் வைத்துவிட்டு, போய்விட்டது.

அவர் என்ன சொன்னார் தெரியுமா? "பாவம், தாடை வலிச்சிருக்கும்." இன்றுவரை வெள்ளைச் சட்டையைக் கழற்ற மாட்டேன் என்கிறார்.

வாய்க்குப் பொத்தான் சரி, ஒத்தாவியா. தலைக்கு எந்தப் பொத்தான்?

நீவெஸ்


துரின்,
20 பிப்ரவரி

நீவெஸ்,

உன் கடிதத்தைக் கல்லூரிக்கு எடுத்துப் போனேன், திரும்பக் கொண்டுவந்தேன். இப்படி நான்கு நாள்.

முகமூடியைப் பற்றி முதலில். குரலை வைத்து யோலே கண்டுபிடித்துவிடுவாள், அதனால்தான் ஊமையை எடுத்தேன் என்று ரயிலில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நல்ல காரணம்தான், நடந்தது அப்படி இல்லை. கடைச் சுவரில் இருபது முகமூடிகளாவது இருந்தன. கடைக்காரர் இதை எடுக்கவேண்டாம் என்றார். "இதப் போட்டு யாரும் கால் மணி நேரம் தாங்கினதில்லம்மா. சுவத்துல மாட்டி வெக்கத்தான் வாங்குவாங்க." நான் நுழைந்ததும் கண்ணில் பட்டது அதுதான். மற்றவற்றைப் பார்க்கவே இல்லை.

ஏன் தலையை ஆட்டவில்லை என்று கேட்கிறாய். தெரியுமா தெரியாதா என்று அவர் கேட்டது ஒரு கேள்வி போலத் தோன்றினாலும் அதற்குள் மூன்று கேள்விகள் இருந்தன. என்ன தெரியும், எந்த அளவுக்குத் தெரியும், அன்றைய அறிவியலில் அதற்கு என்ன பொருள். தொட்டிகளில் தேங்கும் அந்த வாயுவைப் பற்றிய உறுதியான ஆய்வுகள் பிறகுதான் வெளிவந்தன. எழுபத்தொன்றில் எங்களிடம் இருந்தவை ஐயங்கள். ஐயத்துக்குத் தலையாட்டுவது எப்படி? ஆமென்று ஆட்டினால் அது மிகை. இல்லையென்று ஆட்டினால்

என் மாணவி ஒருத்தி இப்படி எழுதிக்கொண்டு வந்திருந்தால் தாளைத் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

நிறுத்துகிறேன்.

ஒ.


துரின்,
23 பிப்ரவரி

நீவெஸ்,

இதைச் சாந்தேவுக்குப் படித்துக் காட்டு. அவர் கேட்டதற்குப் பதில்.

ஆம். தெரியும்.

ஒன்பது நாள் அளந்தோம். ஏழு நாள் தொட்டிகள் மூடியிருந்தன, காற்றும் சுமாராக இருந்தது. இரண்டு நாள் தொட்டியைத் திறந்து ஆட்கள் இறங்கிச் சுரண்டினார்கள். அந்த இரண்டு நாளும் தொட்டி வாயில் கருவியைப் பிடித்தது நான். ஊசி கடைசிக் கோட்டைத் தாண்டி முட்டிக்கொண்டு நின்றது. எவ்வளவு என்று படிக்கவே முடியவில்லை.

ஆய்வகத் தலைவர் கருவி கெட்டுப்போயிருக்கும் என்றார், கெட்ட கருவியின் எண்ணை அறிக்கையில் சேர்க்க முடியாது என்றார். நான் மறுநாள் காலை கருவியைத் தனியாகச் சோதித்தேன். அதில் ஒரு பழுதும் இல்லை. அதைக் குறிப்பேட்டில் தேதி போட்டு எழுதியும் வைத்தேன். பிறகு அவரிடம் போனேன். "ஆலை இதோட நம்ம ஆய்வகத்துக்கு வேலை குடுக்கறத நிறுத்திடும், புரியுதா?" என்றார். அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. அந்தத் துறையில் ஒரே பெண். இந்தக் காரணங்கள் எல்லாம் உண்மை, ஆனால் எதுவும் காரணம் அல்ல. அவர் இன்று உயிரோடு இல்லை, அவர் மேல் போடுவது சுலபம். அந்த இரண்டு நாளின் மேல் கோடு கிழித்தது என் கை. கோடு நேராக இருக்க வேண்டும் என்று அளவுகோலை வைத்துக் கிழித்தேன்.

ஏழு நாளை வைத்துத்தான் "ஆதாரம் கிடைக்கவில்லை" என்ற வாக்கியத்தை எழுதினேன். கிடைத்த ஆதாரத்தை எடுத்து மறைத்தவளும் நானே. அதனால் அந்த வாக்கியம் ஜாக்கிரதையான வாக்கியம் அல்ல. பொய்.

இன்னொன்று. இரண்டாவது நாள் தொட்டியிலிருந்து ஏறி வந்தவர்களில் ஒருவர் வாயில் கட்டியிருந்த ஈரத் துணியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "டாக்டரம்மா, காத்து எப்படி இருக்கு?" என்றார். சாந்தேதான். ஊசி அந்த நேரம் முட்டிக்கொண்டு நின்றிருந்தது. "பாத்துக்கிட்டிருக்கோம்" என்றேன்.

அவர் அதை மறந்திருக்கலாம்.

குறிப்பேடு என்னிடம் இருக்கிறது. உங்கள் வக்கீலுக்கு இன்று தந்தி கொடுத்தேன். பதினேழாம் தேதி குறிப்பேட்டோடு வருகிறேன். கல்லூரியில் துறைத் தலைவரிடம் சொல்லிவிட்டேன். அவர் என்ன செய்வார் என்று தெரியவில்லை, பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு நகர்த்திக்கொண்டதை மட்டும் கவனித்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன் நீ கேட்ட ஒரு வார்த்தையும் இதுதான். தொட்டி.

ஒத்தாவியா


ஜுதேக்கா,
5 மார்ச்

ஒத்தாவியா,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. வேலைக்குப் போகாமல் அவருக்குப் படித்துக் காட்டினேன். நான் வேகமாகப் படிக்கிறேன் என்று இரண்டு தடவை நிறுத்தினார். ஊசி வருகிற இடத்தை மறுபடி படிக்கச் சொன்னார்.

"கடைசிக் கோட்டையும் தாண்டியா?"

"தாண்டி முட்டிக்கிட்டு நின்னுதாம்."

"எண்ணு இல்லாம?"

"படிக்கவே முடியலயாம்."

தலையை ஆட்டினார். துணியை இறக்கிவிட்டு உன்னிடம் கேட்டது அவருக்கு ஞாபகம் இருக்கிறது. நீ சொன்ன பதிலும் ஞாபகம் இருக்கிறது. "அன்னிக்கு அவ மூஞ்சி சரியில்ல. தொட்டி நாத்தம் பிடிக்கலபோலன்னு நெனச்சேன்" என்றார்.

கோபப்படுவார் என்று காத்திருந்தேன். படவில்லை. வேறு ஒன்று சொன்னார். "அப்ப மது இல்ல." அவ்வளவுதான். என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

உன்னிடம் சொல்லாததை இப்போது சொல்கிறேன். நீ எட்டு வரி எழுதிய அன்றே நான் முடிவு கட்டிவிட்டேன். தொட்டியாக இருந்தால் என் அக்கா சொல்லியிருப்பாள், சொல்லவில்லை, ஆகவே மது. யோலேயை நம்பவில்லை, அவரையும் நம்பவில்லை. சாப்பாட்டுக்கு அரை டம்ளர் குடிப்பவர். நான் புட்டியை ஒளித்து வைத்தேன், மூக்கைக் கொண்டுபோய் அவர் வாயருகே வைத்து மோந்தேன். போன வருடம் ஈஸ்டரில் யோலே வீட்டு விருந்தில் எல்லோர் முன்னாலும், "குடிச்சுக் குடிச்சு ஈரலை நீயே தின்னுட்ட, இப்ப என் உசிரையும் தின்னு" என்று கத்தினேன். ஆர்தூரோவின் படம் மாட்டியிருந்த சுவருக்குக் கீழே உட்கார்ந்து அதைக் கேட்டார். அவரே நம்ப ஆரம்பித்துவிட்டார் போல. அதனால்தான் உன்னிடம் கேட்டிருக்கிறார். உன் மேல் குற்றம் சொல்ல இல்லை. தன் மேல் குற்றம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள.

யோலேக்கும் கடிதத்தைக் காட்டினேன். உன்னைக் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. அவள் நின்றுகொண்டே படித்தாள். "கோடு போட்ட கை இன்னும் இருக்குல்ல? அதக் கூட்டிக்கிட்டு வரச் சொல்லு" என்றாள். பன்னிரண்டு பேரின் வீட்டிலிருந்தும் பெண்கள் வருகிறார்கள். உன்னை என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் குறுக்கே வர மாட்டேன்.

சாந்தேவைப் படகில் அழைத்துப்போக முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். உன் குறிப்பேட்டை வக்கீலிடம் கொடுப்பதற்கு முன்னால் அவர் பார்க்க வேண்டுமாம். எழுத்தைப் படிக்க முடியாது, அந்தக் கோட்டை மட்டும் பார்க்கிறேன் என்கிறார். ஆகவே பதினாறாம் தேதி மத்தியானமே வந்துவிடு. சத்தியத்தைப் பற்றி பாதிரியாரிடம் பேசினேன், அதை அவர் பார்த்துக்கொள்வார். சமையலறையில் படுக்கை போட்டுத் தருகிறேன்.

இதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளாதே. அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியவள் முதலில் நான். ஐந்து நாளாகச் சூப் கிண்ணத்தோடு அவர் முன்னால் போய் நிற்கிறேன். சூப்பைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன். நான் கேட்டு முடிக்கிற வரைக்கும் நீ எனக்குப் பின்னால் நில்.

நீவெஸ்